ஜப்பான் வகுப்பில் தலையாட்டவும் சொல்லிக் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சி பஸ் நிலையத்திலிருந்து கரடிப்போக்குச் சந்தி வரை ஏ-9 வீதி ஓரமாக நடந்து போனால், மதில்களில் இப்போது அதிகம் தெரிவது ஜப்பான்தான். ஒரு காலத்தில் கனடாவும் லண்டனும் ஒட்டியிருந்த இடங்கள் அவை. உங்கள் பத்திரிகையின் விளம்பரப் பக்கத்திலும் அதே கதை: குறுகிய காலத்தில் என்4 (ஜப்பானிய மொழிப் பரீட்சையின் ஒரு படி), பராமரிப்புத் துறை, விவசாயத் துறை, வீசா வரை வழிகாட்டல். அவற்றைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. பிள்ளைகள் கையில் சான்றிதழோடு ஒழுங்கான வழியில் வெளிநாடு போவது, கடன்பட்டு வள்ளம் ஏறிப் போவதைவிட எவ்வளவோ மேல். அந்த வகுப்புகளில் விடுபட்டுப் போகிற ஒரு பாடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் நீகட்டா மாகாணத்தில், நாகஓகாப் பக்கம், முதியோர் பராமரிப்பு நிலையம் ஒன்றில் வேலை செய்து ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவள். இப்போது வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் சில பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுக்கிறேன். பெயர்ப்பலகை கிடையாது. பெரிய வகுப்புகளுக்கு நான் போட்டியும் இல்லை.

விவரம் தெரியாத பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஏப்ரலில் ஜப்பான் 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' என்ற வீசாவைத் தொடங்கியது. அந்த வருடம் ஜூனிலேயே இலங்கையும் ஜப்பானும் அதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. முதல் வகை வீசாவில் மொத்தம் 5 வருடம் வேலை செய்யலாம். முதியோர் பராமரிப்புக்குப் போவதென்றால் பராமரிப்புத் திறன் பரீட்சை, பராமரிப்புக்கான மொழிப் பரீட்சை, அதோடு ஜே.எல்.பி.ரி என்ற பொது மொழிப் பரீட்சையின் என்4 படி அல்லது ஜே.எஃப்.ரி பேசிக் என்ற அடிப்படை மொழிப் பரீட்சை என்று மூன்று பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். இவை எதிலும் பிள்ளை வாய் திறந்து ஒரு வசனம் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஜே.எல்.பி.ரியில் சொல், இலக்கணம், வாசிப்பு, கேட்டல். சரியான வட்டத்தைக் கறுப்பாக்கினால் முடிந்தது. ஜே.எஃப்.ரி கணினியில் நடக்கும். 250 புள்ளிக்கு 200 எடுத்தால் பாஸ். அதில் உரையாடல் என்று ஒரு பகுதி இருக்கிறதுதான், ஆனால் அதற்கும் விடையைத் திரையில் தெரிவு செய்வது மட்டும்தான் வேலை. பரீட்சைக்கு என்ன தேவையோ அதைத்தானே வகுப்பில் படிப்பிப்பார்கள்? வாய்க்கே அங்கே அரைவாசி வேலைதான். கழுத்து, கை, கண், மூச்சு ஆகியவற்றைப் பற்றி யாரும் நினைப்பதே இல்லை.

இதில் எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜப்பானிய இலக்கணம் அவர்களுக்குத் தண்ணிபட்ட பாடு. எழுவாய் முன்னால், வினை கடைசியில், உருபு பெயருக்குப் பின்னால். ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்கிற இடத்தை வன்னிப் பிள்ளை கொஞ்ச நாளில் தாண்டிவிடுகிறது. பேராசிரியர் சுசுமு ஓனோ இந்த ஒற்றுமைகளைப் பிடித்துக்கொண்டு இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை. அது அவர்கள் பாடு. எனக்குள்ள கவலை வேறு. வசனம் ஓடி வருகிறது, பரீட்சை பாஸ், சேர் கைதட்டுகிறார், மொழி முடிந்தது என்று எல்லாரும் நினைத்துவிடுகிறோம். பிள்ளையின் உடம்பு மட்டும் வன்னித் தமிழிலேயே கதைத்துக்கொண்டிருக்கிறது.

அண்மையில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஸூம் வழியாக நேர்முகம் நடந்தது. உதவிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் மேலாளர் அம்மா ஒருவரும், குறிப்பெடுக்கிற இளைஞர் ஒருவரும். இந்தப் பக்கத்தில் விசுவமடுவிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. தன்னைப் பற்றிய அறிமுகத்தை ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாள். அப்புறம் மேலாளர், "இரவு வேலை செய்ய முடியுமா?" என்று கேட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சாய்த்தாள். எங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. "ஓம், அதுக்கென்ன, செய்வன்" என்று அர்த்தம். மேலாளரின் முகம் அப்படியே நின்றது. "கஷ்டம் என்றால் பரவாயில்லை, சொல்லுங்கள்" என்றார். தன்னை நம்பவில்லையோ என்று பிள்ளைக்குப் பயம் வந்திருக்க வேண்டும். இன்னும் பலமாகத் தலையைச் சாய்த்தாள். அவர் குனிந்து ஏதோ எழுதினார். அடுத்த கேள்வி குடும்பத்தைப் பற்றியதாகப் போய்விட்டது.

நான் வாய் திறக்கப் போனேன். நேர்முகத்தில் குறுக்கிடக் கூடாது என்று நிலையத்தார் கையைக் காட்டிவிட்டார்கள். பிள்ளை தெரிவாகவில்லை. காரணம் அது ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஜப்பானில் ஒருவர் தலையை ஒரு பக்கம் சாய்த்தால் விளங்கவில்லை, சந்தேகமாக இருக்கிறது, யோசிக்க வேண்டும் என்றுதான் பொருள். ஆம் என்பதற்கு அங்கே தலை மேலும் கீழும்தான் அசையும். அந்த அம்மாவின் பக்கமிருந்து பாருங்கள்: இரவு வேலைக்கு இரண்டு தரம் தயங்கிய பிள்ளை. சிங்களச் சகோதரர்களுக்கும் இதே தலையாட்டல் இருப்பதால், கொழும்பிலிருந்து வருகிற ஆசிரியர்களின் கண்ணிலும் இது படுவதில்லை.

கழுத்து நாங்கள் யோசித்து அசைக்கிற உறுப்பு இல்லை. ஆகவே 'இப்படி ஆட்டாதே' என்று ஒரு தரம் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவதில் பிரயோசனம் இல்லை. நான் செய்கிறது இதுதான்: போன் கமராவை ஓட விட்டு, முன்னால் இருத்தி, ஆம் என்று வரக்கூடிய கேள்விகளாகத் தமிழில் கேட்பேன். சாப்பிட்டியா, அம்மா சுகமா, நாளைக்கு வருவியா? ஜப்பானியத்தில் ஆம் என்பதற்கு உள்ள 'ஹை'யைச் சொல்லி நாடியைக் கீழே இறக்க வேண்டும். தமிழில் கேட்டால்தான் பழைய கழுத்து வெளியே வரும். பிறகு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினால் அவர்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கேட்கிற விதமும் அப்படித்தான். ஒரு ஜப்பானியர் கதைக்கும்போது எதிரில் இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். வசனத்துக்கு நடுவிலேயே, 'நே' என்று இழுத்து மூச்சு விடும் இடத்திலேயே, 'ஹை', 'ஏ', 'ஸோ தெஸு நே' என்று சின்னச் சின்னதாகக் குரல் கொடுப்பார், தலையும் அசைப்பார். ஐஸுச்சி என்பார்கள். அம்மம்மா கதை சொல்லும்போது நாங்கள் 'உம்' கொட்டியது இதுதான். உம் கொட்டாவிட்டால் "நித்திரையோ?" என்று கேட்டுக் கதையை நிற்பாட்டிவிடுவா. அங்கே வளர்ந்தவர்களுக்குள்ளும், வேலைத்தளத்திலும், முக்கியமாகத் தொலைபேசியிலும் அதை எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பிள்ளைகளோ பெரியவர் கதைக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள். மரியாதையாக, கற்சிலையாக இருப்பார்கள். அவர் பாதியில் நிறுத்தி, விளங்குதா என்று கேட்பார். திரும்பவும் முதலிலிருந்து சொல்வார். இரண்டு பேருக்கும் களைப்பு.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, அவர் 'ஹை, ஹை' என்று சொல்வதைக் கேட்டு, நான் கேட்ட லீவு கிடைத்துவிட்டது என்று துள்ளக் கூடாது. நீ சொல்வது காதில் விழுகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். மற்றது எங்கள் 'ம்'. இங்கே ஆசிரியருக்கும் 'ம்', அப்பாவுக்கும் 'ம்', குற்றமில்லை. ஆனால் ஜப்பானியரின் காதில் அது 'உன்' என்று விழும். சிநேகிதர்களும் வீட்டாரும் தங்களுக்குள் சொல்லிக்கொள்கிறது அது. மேலதிகாரியிடம் வாய் மூடி 'ம்' என்றால் திமிர்பிடித்த பிள்ளை என்று பெயர் வந்துவிடும். வாயைத் திறந்து 'ஹை'.

'நாங்கள் உடம்புப் பாடமும் எடுக்கிறோமே, குனியச் சொல்லிக் கொடுக்கிறோமே' என்று சில வகுப்புக்காரர்கள் கோபிக்கலாம். எடுக்கிறார்கள், நானும் பார்த்தேன். பள்ளிக்கூட டிரில் மாதிரி வரிசையில் நிறுத்தி 15 பாகை, 30 பாகை, 45 பாகை என்று குனிய வைக்கிறார்கள். வீடியோ எடுக்க வடிவாகத்தான் இருக்கிறது. என் அபிப்பிராயம், இது தேவைக்கு மிஞ்சின பாடம். வெளிநாட்டுப் பிள்ளை பத்துப் பாகை கூடக் குனிந்தால் ஜப்பானில் ஒருவரும் அளந்து பார்க்கப் போவதில்லை. கழுத்தை மட்டும் மடக்காமல் இடுப்பிலிருந்து குனி, முதலில் சொல்லைச் சொல்லி முடி, பிறகு குனி, நடந்துகொண்டே முழுக் குனிவு குனியாதே. இவ்வளவும் ஒரு பின்னேரத்தில் பழகலாம். ஒரே ஆளை ஒரு நாளில் நடையில் ஐந்து தரம் கண்டால் ஐந்து தரமும் சின்னதாகத் தலை தாழ்த்த வேண்டும் என்பதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எங்கள் நிலையத்தில் இரவுப் பொறுப்பாளர் தொலைபேசியில் கதைக்கும்போதும் குனிவார். எதிரில் சுவர்தான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நான் போனில் கதைக்கும்போது அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறா.

முடியாது, வேண்டாம் என்பதை அவர்கள் சொல்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நேராக 'இல்லை' என்று சொல்வது குறைவு. பல்லுக்கு இடையால் மூச்சை உள்ளே இழுப்பார்கள். "அது கொஞ்சம்..." என்று வசனத்தைப் பாதியில் தொங்க விடுவார்கள். மீதி வசனம் வரும் என்று காத்திருக்கக் கூடாது, அது வராது. நீங்கள்தான் "சரி, பிரச்சினை இல்லை" என்று விலகிக்கொள்ள வேண்டும். அல்லது கையை முகத்துக்கு முன்னால் செங்குத்தாகப் பிடித்து விரைவாக ஆட்டுவார்கள். இங்கே அப்படி ஆட்டினால் நாற்றம் என்று அர்த்தம். அங்கே 'இல்லை இல்லை' என்று அர்த்தம். ஒருவர் புகழ்ந்தாலும் அதே கையாட்டல்தான் வரும். எங்கள் நிலையத்தில் தேநீர் கொடுக்கும் நேரம் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். வயதானவர்கள் போதிய தண்ணீர் குடிக்கிறார்களா என்று குறித்து வைக்க வேண்டும். ஒரு அம்மா தினமும் 'தாய்ஜோபு, தாய்ஜோபு' (பரவாயில்லை, பரவாயில்லை) என்று கையை ஆட்டுவார். சில நாள் அது உண்மையாகவே வேண்டாம். சில நாள் உங்களுக்கு ஏன் சிரமம் என்பதற்காகச் சொல்கிற வேண்டாம். வேண்டும் என்ற நாளில் வாய் வேண்டாம் என்றாலும் மற்றக் கை கோப்பைக்குப் பக்கத்திலேயே இருக்கும். வேண்டாத நாளில் இரண்டு கையும் மடிக்குப் போய்விடும்.

இதைப் பிடிக்கிற கண் எங்கள் பிள்ளைகளிடம் இல்லையா? வன்னியில் எந்த வீட்டுக்குப் போனாலும் "வேண்டாம் தங்கச்சி, இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லாமல் யார் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கிறார்கள்? எந்த 'வேண்டாம்' உண்மை, எது மரியாதைக்கு என்று எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் குசினி வாசலில் நின்றே சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்ணை அங்கேயும் கொண்டுபோகலாம் என்று ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தொடுவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் அன்பு கையில்தான் வரும். தலையைத் தடவுவோம், கன்னத்தைப் பிடிப்போம், "வாங்கோ அப்பு" என்று கையைப் பிடித்து எழுப்புவோம். அங்கே கைக்கு முன் குரல் போக வேண்டும். பின்னாலிருந்து போகக் கூடாது. முன்னால் போய், முழங்காலை மடித்து, அவர் கண்ணுக்குச் சமமாக முகத்தைக் கொண்டுவந்து, பெயர் சொல்லி, "இப்போது உடம்பை வலப்பக்கம் திருப்பப் போகிறேன்" என்று சொல்லி, அவர் முகத்தில் ஒரு அசைவு வரும்வரை நின்று, பிறகுதான் கை வைக்க வேண்டும். ஒவ்வொரு அசைவுக்கும் இது உண்டு, நினைவு தவறியவர்களுக்கும் உண்டு. கட்டிலில் படுத்திருப்பவரை ஒரு வார்த்தையும் சொல்லாமல் புரட்டி எடுக்கிற இங்குள்ள ஆசுபத்திரி வார்டுகளிலும் இதைப் பழக்கினால் புண்ணியமாகப் போகும்; அது வேறு கடிதம்.

கூப்பிடுகிற முறையும் அப்படியே. எங்களுக்கு வயதானவர் என்றால் அப்பு, ஆச்சி, ஐயா, அம்மா. அதையே நினைத்துக்கொண்டு அங்கே தாத்தா, பாட்டி என்று பொருள்படும் 'ஒஜீச்சான்', 'ஒபாச்சான்' என்று பாசமாகக் கூப்பிட்டால், சின்னப் பிள்ளையாக நடத்துகிறார்கள் என்று பலருக்கு மனம் நோகும். குடும்பப் பெயரோடு 'ஸான்' என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். தன் பெயருக்குப் பின்னால் 'ஸான்' சேர்க்கவே கூடாது. 'அனத்தா' என்று புத்தகத்தில் இருக்கிறதே, 'நீங்கள்' என்பதற்குச் சமம் என்று எழுதிக் கொடுக்கிறார்களே, அதை மேலதிகாரிக்கு முன்னால் எடுக்காமல் இருப்பதே நல்லது. அவர்களுக்கும் பெயரும் 'ஸான்'உம்தான்.

பேசாமல் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாகஓகாவுக்குப் பக்கத்து மலையில் யமகோஷி என்று ஒரு கிராமம் இருக்கிறது. வண்ணக் கெண்டை மீன் வளர்ப்புக்கும் அடுக்கு வயலுக்கும் பேர்போன இடம். 2004 ஒக்டோபர் 23 பூகம்பத்தில் மலை சரிந்து பாதைகள் அடைபட, கிராமம் முழுவதையும் ஹெலிகொப்டரில் வெளியேற்றினார்கள். அந்தப் பக்கத்துக் கமக்கார ஐயா ஒருவர் எங்கள் நிலையத்தில் இருந்தார். ஒருநாள் அவருடைய காலை வெந்நீரில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தபோது, உன் ஊர் எது, அங்கேயும் நிலம் ஆடுமா என்று கேட்டார். நிலம் ஆடாது, ஆனால் அதே வருடம் டிசம்பரில் கடல் வந்தது, முல்லைத்தீவுக் கரையில் எங்கள் சொந்தக்காரர் இருந்தார்கள் என்றேன். "ஸோ கா" என்றார், அப்படியா என்று அர்த்தம். அதற்கு மேல் அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. தண்ணீர் ஆறும்வரை இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

எங்கள் ஊரில் இப்படி ஒருவர் பேசாமல் இருந்தால் நெஞ்சில் ஈரமில்லாத மனிசன் என்றோ, கோபம் என்றோ எடுப்போம். செத்த வீட்டில் வாய்விட்டு அழாதவரைப் பற்றி ஒரு கிழமைக்குக் கதைப்போம். அங்கே அந்தப் பேசாமையில் ஒரு குறையும் இல்லை. நேர்முகத்திலும் பிள்ளை பதில் சொன்ன பிறகு அவர்கள் சில நொடி பேசாமல் இருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் பதறிப்போய், சொன்னதையே வேறு மாதிரித் திருப்பிச் சொல்லி, நல்ல பதிலைக் குழப்பிவிடுவார்கள். விடுங்கள், அவர்கள் யோசிக்கட்டும். அந்த ஐயா மறுநாள் தானாகவே கதையைத் தொடங்கினார், வயலைப் பற்றி. எங்களுக்கு இரணைமடுத் தண்ணீரில் காலபோகம், சிறுபோகம் என்று வருடத்துக்கு இரண்டு வெள்ளாண்மை உண்டு என்றேன். பனி மூடுகிற நீகட்டாவில் மே மாதம் நட்டுச் செப்டெம்பரில் அறுப்பது ஒன்றுதான். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். நம்பவில்லை என்று அர்த்தம்.

இனி ஒரு கஷ்டமான விஷயம். இன்று இருபதுகளின் நடுவில் ஜப்பானுக்கு வெளிக்கிடுகிற வன்னிப் பிள்ளைக்கு 2009இல் பத்து வயதுகூட இருந்திருக்காது. சோதனைச் சாவடியிலும் முகாமின் தண்ணீர் வரிசையிலும் நின்ற பிள்ளை அது. அதிகாரத்தில் உள்ளவர் உரத்துக் கதைத்தால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வாய் பேசாமல் நிற்க அதன் உடம்பு பழகியிருக்கிறது. கேள்வி கேட்கக் கூடாது, நடந்ததைத் தானாகப் போய்ச் சொல்லக் கூடாது. அது அன்றைக்கு உயிரைக் காத்த பழக்கம், அதைப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஜப்பானிய வேலைத்தளத்தில் பொறுப்பாளர் திருத்தும்போது அப்படி நின்றால், இந்தப் பிள்ளை கேட்கவில்லை, ஏற்கவில்லை என்று எடுப்பார்கள். பயத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு வந்துவிட்டால் இன்னும் மோசம். தலையை நிமிர்த்தி, கண்ணைக் குத்தாமல் நாடி அளவில் பார்த்து, 'ஹை' சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்: "நாளையிலிருந்து முதலில் சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பார்க்கிறேன்."

அறிவித்தல், தெரியப்படுத்தல், கலந்து பேசல் என்ற மூன்றையும் சேர்த்து 'ஹோ-ரென்-ஸோ' என்று சுருக்கி வைத்திருக்கிறார்கள். புது ஆளுக்கு முதலில் சொல்வதே அதுதான். கெட்ட செய்தி என்றால் உடனே. ஒரு அம்மா கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் சறுக்கியது, நீங்கள் பிடித்துவிட்டீர்கள், ஒரு கீறலும் இல்லை. எங்கள் பிள்ளை கடவுளே என்று மூச்சு விட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். அங்கே அதற்கென்றே ஒரு படிவம் உண்டு, 'ஹியாரி-ஹத்தோ' என்று. மயிரிழையில் தப்பியதை எழுதிக் கொடுத்தால், அடுத்த ஆள் விழாமல் என்ன செய்யலாம் என்று கூடிப் பேசுவார்கள். எழுதியவரைத் தண்டிக்கிற கடதாசி இல்லை அது. இதை இங்கிருந்தே பழக்கி அனுப்பாவிட்டால் பிள்ளை அங்கே மறைக்கும். மறைத்தது ஒருநாள் வெளியே வந்தால், அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல ஜப்பானிய மொழி கதைத்தாலும் எடுபடாது.

மற்றவை சின்ன விஷயங்கள், சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். 'நான்' என்று காட்ட நாங்கள் நெஞ்சைத் தொடுவோம், அவர்கள் மூக்கைக் காட்டுவார்கள். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து 'வா' என்று கூப்பிடுவது இரண்டு பக்கமும் ஒன்றுதான். இடக்கைக் கூச்சம் அங்கே இல்லை. எதையும் இரண்டு கையாலும் கொடுத்து வாங்கினால் அழகு. கைகூப்புவது சாப்பாட்டுக்கும் கோயிலுக்கும் உரியது, காண்கிறவர்களுக்கு எல்லாம் கூப்ப வேண்டாம். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்குச் சாப்பாட்டை மாற்றக் கூடாது, ஏனென்றால் தகனம் செய்த எலும்பைக் குடும்பத்தார் அப்படித்தான் குச்சியால் எடுப்பார்கள். எங்களிடம் காடாத்து இருப்பதால் இதைச் சொன்னவுடன் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும், திருப்பிச் சொல்லத் தேவையில்லை. ரயிலில் போன் கதைக்காதே. சப்பாத்தைக் கழற்றினால் முனையை வாசல் பக்கம் திருப்பி வை. யூரியூப்பில் இவற்றையே ஜப்பானில் செய்யக் கூடாத காரியங்கள் என்று பட்டியல் போட்டுப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்கள். குச்சி பிடிக்கத் தெரியாததற்காக ஒருவரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

ஒரு தகப்பன் என்னிடம் கேட்டார்: "காசுக்கு உழைக்கப் போற பிள்ளை, கழுத்தையும் மாத்த வேணுமோ? அவங்கள் எங்களை விளங்கிக்கொள்ளட்டுமன்." நியாயமான கேள்விதான். அவர்களும் சும்மா இருக்கவில்லை. 1995 ஹன்ஷின் பூகம்பத்தில் அறிவித்தல் விளங்காமல் வெளிநாட்டவர் தவித்த பிறகு, 'யசஷீ நிஹொங்கோ' என்ற எளிய ஜப்பானிய மொழியை உருவாக்கி இன்று நகரசபைகள்கூடப் பயன்படுத்துகின்றன. எங்கள் நிலையத்திலும் எனக்காகவே எளிமையாகக் கதைக்கப் பழகியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பாதி வந்தால் நாங்கள் பாதி போவதில் என்ன குறை? ஊருக்கு வந்து சேர்ந்தவுடன் என் கழுத்து தன் பழைய ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஜப்பான் 2024இல் நிறைவேற்றிய சட்டப்படி, பழைய தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்துக்குப் பதிலாக 2027 ஏப்ரலில் புதிய திட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் வேலை தொடங்குவதற்குப் பொதுவாக என்4க்கும் கீழே உள்ள என்5 அளவு மொழி இருந்தால் போதும். அப்படியென்றால் சொல் இன்னும் குறைவாகத் தெரிந்த பிள்ளைகள் போவார்கள். சொல் குறையக் குறைய முகத்தையும் கையையும் பார்த்துத்தான் அவர்களை எடை போடுவார்கள்.

ஆகவே பயிற்சி நிலையங்களை நடத்துகிறவர்களுக்கும், வெளிநாடு போக முன் நடத்தும் பயிற்சிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் உங்கள் பத்திரிகை வழியாக ஒன்று கேட்கிறேன். கிழமையில் ஒரு மணித்தியாலத்தை, பாகை அளப்பதை விட்டுவிட்டு, கேட்கிற விதத்துக்கும் மறுக்கிற விதத்துக்கும் கெட்ட செய்தி சொல்கிற விதத்துக்கும் ஒதுக்குங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளின் குறிப்புகள் பெரும்பாலும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் பெயர்த்தவை. எங்கள் தலையாட்டலும் எங்கள் 'ம்'உம் அவற்றில் இருக்க வழியில்லை. ஜப்பானில் வேலை செய்து திரும்பி வந்தவர்கள் வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு வகுப்பில் இருத்துங்கள். நேர்முகத்தில் அப்படியான ஒருவர் பக்கத்தில் இருந்தால், அவர் ஒரு வார்த்தை சொல்ல வாய்ப்புக் கொடுங்கள்.

என்னைக் கேட்டாலும் வருவேன். சனிக்கிழமை பின்னேரங்களில் பரந்தன், தருமபுரம், விசுவமடு, எந்த ஊரின் பொதுநோக்கு மண்டபமாக இருந்தாலும் சரி. காசு வேண்டாம். கமரா உள்ள ஒரு போனும் எதிரெதிராகப் போட இரண்டு கதிரையும் இருந்தால் போதும். நேர்முகத் திகதி நெருங்கிவிட்ட பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
முன்னாள் பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.